விழிஞ்ஞத்துக்கான மதிப்பு எங்கிருந்து வந்தது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் மாதம் பயிற்சி கொடுப்பார்கள். புரோகிராமை எப்படி எழுதுவது, எப்படிச் சோதிப்பது, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் அதில் இருக்கும். பக்கத்து மேசைக்காரர் உங்களைவிட நன்றாக எழுதும்போது வயிற்றில் ஒன்று எரியுமே, அதை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் அதை நான் சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் அந்த விஷயத்தில் என்னைவிட அனுபவம் உள்ள ஆள் யாரும் இல்லை.

நான் திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு கிழக்கேகோட்டையில். கடைசிச் சில வருஷங்கள் எங்கள் குழு செய்த வேலை, கரையோர மீனவர்களுக்குக் கடல் நிலவரச் செய்தி அனுப்புவது. மீனவர் சங்கங்கள் சேர்ந்து நடத்திய ஓர் அமைப்புக்காக அதைச் செய்து கொடுத்தோம். தினமும் மத்தியானம், படகுகள் கிளம்புவதற்கு முன்னால், ஒவ்வொரு துறைமுகத்து ஆட்களின் போனுக்கும் அந்தந்த ஊருக்கான செய்தி போக வேண்டும்.

செய்தியின் வடிவம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். இன்ன ஊரில் காற்று இவ்வளவு, அலை இவ்வளவு, கடலுக்குப் போகலாம் அல்லது போகக் கூடாது. இதில் ஊர், காற்று, அலை, அறிவுரை என்று நாலு இடைவெளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வேரியபிள் என்று நாம் சொல்வது அந்தப் பெயரைத்தான். பெயர் இருக்கிற இடத்தில் அதற்குரிய மதிப்பைத் தேடி எடுத்து வைப்பதுதான் புரோகிராமின் வேலை. கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும்.

அதை முதலில் எழுதியவன் நான். பழைய முறையில் எழுதினேன். காற்றுக்கு ஒரு பெட்டி, அலைக்கு ஒரு பெட்டி. விழிஞ்ஞம் துறைமுகத்தின் காற்றைப் பெட்டியில் போட்டு, செய்தியை அனுப்பி, பெட்டியைத் துடைத்து, அடுத்த ஊரின் காற்றைப் போடுவது. ஊர்கள் கூடக் கூட ஒட்டுப் போட்டுக்கொண்டே போனேன். ஏதாவது ஊரிலிருந்து விவரம் வராவிட்டால் பெட்டி காலியாக இருக்கும், புரோகிராம் முனகிக்கொண்டு நின்றுவிடும். நான் அந்த ஊருக்குப் போன் போட்டுக் கேட்டு, கையால் நிரப்பி, மறுபடி ஓட விடுவேன். அழகான ஏற்பாடு இல்லை. ஆனால் என்னைத் தவிர யாருக்கும் அதற்குள் போய் வர வழி தெரியாது. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

எங்கள் மேலாளர் மலையாளி, நிதானமான மனிதர். ஒருநாள் கேட்டார், "மகாதேவன், நீங்கள் ரிட்டயர் ஆனால் இதை யார் நோக்கும்?"

இரண்டு மாதத்தில் ஷைலா வந்து சேர்ந்தாள்.

ஷைலாவுக்குக் குழித்துறைப் பக்கம் ஊர். பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று திருவனந்தபுரம் வந்தவள். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். குழுவில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். முதல் நாளே "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு மரச்சீனிக்கிழங்கு கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பங்கு வரும்.

அவள் பங்ஷனல் முறையில் எழுதுபவள். அந்த முறையில் பெட்டி கிடையாது, துடைப்பது கிடையாது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்துவிட்டால் அது மாறவே மாறாது. ஒவ்வொரு செய்திக்கும் அதற்கான பெயர்களும் மதிப்புகளும் அடங்கிய ஒரு சூழலைக் கையில் கொடுத்து அனுப்புவாள். புரோகிராம் செய்தி வடிவத்துக்குள் இறங்கிப் போகும். வெறும் சொல் எதிர்ப்பட்டால் அப்படியே விட்டுவிடும். பெயர் எதிர்ப்பட்டால் சூழலில் தேடும், கிடைத்த மதிப்பை அந்த இடத்தில் வைக்கும். அவ்வளவுதான். என் ஊர்க் காற்று உன் ஊருக்குப் போய்விடுமோ என்ற பயமே இல்லை.

நான் வருஷக்கணக்கில் ஒட்டுப்போட்டு வளர்த்ததை அவள் ஒரே பக்கத்தில் எழுதி முடித்தாள்.

மேலாளர் அந்தப் பக்கத்தைக் கூட்ட அறையில் ஸ்கிரீனில் போட்டுக் காட்டினார். "வாசித்தாலே மனசிலாகுது, அல்லே?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நான் எழுதிய எதையும் அவர் ஒருநாளும் ஸ்கிரீனில் போட்டதில்லை.

அன்று ஆரம்பித்தது. அவள் சிரித்தால் எரிந்தது. அவள் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பினால் எரிந்தது, ஏனென்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் சந்தேகம் கேட்க அவள் மேசைக்குப் போவதைப் பார்த்தால் எரிந்தது. முன்பெல்லாம் என் மேசைக்கு வருவார்கள். கொஞ்ச நாளில் மத்தியானம் பசி இல்லை என்று சொல்லி, அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் "அண்ணே, உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்று டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

வீட்டில் லலிதா கேட்டாள், "ஆத்துக்கு வந்தும் அந்தப் பொண்ணு எழுதினதையே பாத்துண்டிருக்கேளே, அதுல அப்படி என்ன இருக்கு?"

"தப்பு இருக்கான்னு பாக்கறேன்."

"இருக்கா?"

"இல்லை."

"அதான் மூஞ்சி இப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

உண்மைதான். அந்த ஒரு பக்கத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் வாசித்தேன். தம்பானூரில் பஸ் மாறும்போது நின்றுகொண்டே வாசித்தேன். புரியாத இடங்களைப் புரிந்துகொள்வதற்காகப் புத்தகம் வாங்கினேன். பங்ஷனல் புரோகிராமிங் எனக்குக் கொஞ்சமாவது தெரியும் என்றால், ஷைலாவிடம் ஒரு தப்பாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறியில் கற்றுக்கொண்டதுதான். வேறு எந்த ஆர்வமும் இந்த வயதில் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்காது.

புதிய புரோகிராமை ஓட விடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம். எல்லோரும் போய்விட்டார்கள். நான் அவளுடைய புரோகிராமுக்கு ஒரு நகல் எடுத்து, விழிஞ்ஞத்தின் சூழலிலிருந்து அறிவுரைக்கான மதிப்பை வேண்டுமென்றே நீக்கினேன். தேடினால் கிடைக்காது, நிலைகுலையும், சிவப்பு எழுத்தில் ஏதாவது கொட்டும், நாளைக்கு அதைக் காட்டலாம் என்பது என் எண்ணம். ஓட விட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. விழிஞ்ஞத்துக்கான செய்தி அழகாக வந்து நின்றது. கடைசி வரி: கடலுக்குப் போகத் தடையில்லை.

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். இதைக்கூடச் சமாளிக்கும்படி எழுதியிருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கீழே வந்து, வாசலில் இருந்த கடையில் சாயா வாங்கிப் பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. மதிப்பை நான் நீக்கிவிட்டேன். அப்படியென்றால் 'தடையில்லை' எங்கிருந்து வந்தது?

சாயாவை அப்படியே வைத்துவிட்டு மேலே போனேன்.

ஷைலா சூழல்களை அடுக்கு அடுக்காக வைத்திருந்தாள். உள்ளே துறைமுகம், அதற்கு வெளியே ஜில்லா, அதற்கும் வெளியே எல்லோருக்கும் பொதுவானது. ஒரு பெயர் உள்ளே கிடைக்காவிட்டால் அடுத்த அடுக்கில் தேடு. இது பங்ஷனல் முறையில் எல்லோரும் செய்வதுதான், நல்ல வழக்கம்தான். அவள் புதிதாகச் சேர்த்திருந்த உதவி எண் என்ற பெயர் விழிஞ்ஞத்தில் இல்லையென்றால் ஜில்லாவின் எண்ணைக் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஜில்லாவுக்கான காற்று, அலை, அறிவுரை எல்லாம் காலையிலேயே வந்துவிடும். அது பொதுவான கணிப்பு. துறைமுகத்திலிருந்து ஆள் கடலைப் பார்த்துவிட்டு அனுப்புவது அதற்கப்புறம் வரும். அது வராத நாளில் இந்தப் புரோகிராம் நிற்காது, முனகாது. காலையில் வந்த பொதுக் கணிப்பை எடுத்து, விழிஞ்ஞத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவிடும். படிக்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது.

அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. வீடு வரைக்கும் அது இருந்தது. கோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதுதான் அது பயமாக மாறியது. நாளைக்கு இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தப் பெண் வந்த நாளிலிருந்து இவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், கடைசி நாளில் வந்து முட்டுக்கட்டை போடுகிறான் என்பார்கள். எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இது நிஜமாகவே பெரிய தப்பா? பெரிதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா?

லலிதாவிடம் சொன்னேன். அவள் கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"இதை எழுதினது யாருன்னே தெரியாதுன்னு வெச்சுக்கோங்கோ. அப்போ சொல்வேளா?"

"சொல்வேன்."

"அப்போ சொல்லாம இருந்தாதான் பொறாமை. நல்லவர்னு பேர் வாங்கறதுக்காக வாயை மூடிண்டிருக்கேள்னு அர்த்தம்."

அவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டும் மறுநாள் காலையில் என்னால் சொல்ல முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மீனவர் அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் ஷைலாவை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். பெரிய ஸ்கிரீனில் அன்று மத்தியானம் போகப்போகிற செய்திகள் ஊர் வாரியாக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டம் முடியட்டும், தனியாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கிரீனில் ஒரு ஓரத்தில் எந்தெந்த ஊரிலிருந்து விவரம் வந்துவிட்டது என்று தெரியும். எனக்குப் பழக்கத்தில் கண் அங்கேதான் போகும். விழிஞ்ஞத்திலிருந்து வரவில்லை. அங்கே காலையிலிருந்து நல்ல மழை. இந்தப் பக்கம் விழிஞ்ஞத்துக்கான செய்தி தயாராக நின்றது. கடலுக்குப் போகத் தடையில்லை.

எழுந்துவிட்டேன். "இதை அனுப்பக் கூடாது" என்றேன்.

மேலாளர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, சங்கடம். "மகாதேவன், நம்மள் பிறகு பேசலாம்" என்றார்.

"பிறகு பேச முடியாது சார். விழிஞ்ஞத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. இந்த அறிவுரை அவர்கள் சொன்னதில்லை."

"புரோகிராம் சரியாகத்தானே ஓடுகிறது?"

"சரியாக ஓடுவதுதான் பிரச்சினை."

ஒருவர் சிரித்தார். மேலாளர் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி நினைத்துக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "உங்கள் பிரச்சினை புரோகிராமோ, ஷைலாவோ?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் 'இரண்டும்தான்' என்பது. அதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது ஷைலாவின் குரல் வந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது ஜில்லாவுல இருந்து எடுத்திருக்கு, இல்லியா?"

"ஆமா."

"உள்ளே இல்லாததுனால வெளியே போயிருக்கு."

"ஆமா."

அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். "சார், நிறுத்துங்க. அண்ணன் சொல்றது சரி."

நான் விழிஞ்ஞத்துக்குப் போன் போட்டேன். அங்கே விவரம் அனுப்பும் சில்வெஸ்டரின் எண் எனக்கு மனப்பாடம். மழையில் இன்டர்நெட் போய்விட்டதாம், காலையிலிருந்து அனுப்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"கடல் எப்படி இருக்கு?"

"ரொம்ப மோசம் சாரே. உள்ளே போன ரெண்டு வள்ளமும் திரும்பி வந்தாச்சு. இன்னிக்கு யாரும் போகண்டா என்று சொல்லிடுங்க. எல்லாரும் உங்க மெசேஜுக்குத்தான் காத்து நிக்குது."

அமைப்பிலிருந்து வந்தவர்களில் ஒருவருக்கு விழிஞ்ஞம்தான் ஊர். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்று மத்தியானம் செய்திகளை என் பழைய புரோகிராம்தான் அனுப்பியது. விழிஞ்ஞத்தின் அறிவுரையை நான் கையால் நிரப்பினேன். போகக் கூடாது. அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று சில்வெஸ்டரிடம் மறுபடி கேட்டேன். சேர்ந்துவிட்டது, ஆட்கள் வலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஜெயித்தவன். ஆனால் செய்தி போய் ஒரு மணி நேரத்துக்குள் ஷைலா தன் புரோகிராமைச் சரிசெய்துவிட்டாள். நானாக இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு 'இருந்தால், இல்லாவிட்டால்' செருகியிருப்பேன். அவள் பெயர்களை இரண்டு ஜாதியாகப் பிரித்தாள். வெளியே போய்த் தேடலாம் என்பவை ஒன்று, சொந்த இடத்தில் இல்லாவிட்டால் இல்லைதான் என்பவை இன்னொன்று. தேடலின் விடை இனிமேல் வெறும் மதிப்பு இல்லை. மதிப்பு இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்று. ஒரே ஒரு பெயருக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும் அந்தச் செய்தியே உருவாகாது, அந்த ஊருக்குப் போன் செய் என்று எச்சரிக்கை வரும். மற்ற ஊர்களின் செய்தி தடைபடாது. நாலு வரிதான் கூடியிருந்தது. பார்த்தேன். வயிறு மறுபடி எரிந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் சாயங்காலம் வந்தது. அமைப்பு ஆட்கள் கிளம்புகிற நேரத்தில் அவள் அவர்கள் முன்னால் போய் நின்றாள். "இது என் தப்பு. நான் யோசிக்கவே இல்ல. அண்ணன் பாத்ததுனால தப்பிச்சோம்" என்றாள். சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வது மாதிரி சொன்னாள். குரல் தடுமாறவில்லை, தலை குனியவில்லை. என் வேலை வாழ்க்கை முழுவதும் தேடினாலும் நான் அப்படி ஒருநாள் நின்றதாகச் சொல்ல முடியாது. அவளுடைய புரோகிராமைப் பார்த்துப் பொறாமைப்பட்டபோதாவது நானும் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. இதற்குப் புத்தகம் எங்கே வாங்குவது?

அடுத்த நாள் மத்தியானம் டப்பாவோடு என் மேசைக்கு வந்து, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் எழுதறத இனிமே நீங்கதான் வாசிக்கணும். வாசிப்பியளா?"

"நான் எதுக்கு? மற்றவர்கள் இருக்கிறார்களே."

"அவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு வாசிக்காங்க. நீங்க ஒருத்தர்தான் தப்பு இருக்கணும்னு வாசிக்கிறிய."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா?" என்றாள் டப்பாவைத் திறந்துகொண்டே. "கஷ்டமாத்தான் இருந்தது. வீட்டுல சொல்லி அழுதுகூட இருக்கேன். வேற ஆபீஸ் பாக்கட்டுமான்னு யோசிச்சேன். நேத்து அந்த ஆள் ஜன்னல் பக்கம் போய் நின்னத பாத்தப்போ, இவரு இப்படியே இருக்கட்டும்னு தோணிச்சு."

அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்காமல் மரச்சீனியை எடுத்துச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை அவள் எழுதியதையெல்லாம் நான் வாசித்தேன். சிலதில் தப்பு கண்டுபிடித்தேன். பலதில் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்த நாட்களில் ஆபீஸ் முழுக்க என் குரல் கேட்கும் என்று சொல்வார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். பொறாமையே படாதீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது ஆகிற காரியம் இல்லை. அது வரும்போது அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருக்காமல், அந்த ஆள் செய்த வேலையைப் பாருங்கள். உங்கள் கண் அப்போதுதான் ரொம்பக் கூர்மையாக இருக்கும். எதையாவது பார்த்துவிட்டால் சொல்லிவிடுங்கள். உங்கள் மனசு சுத்தமாகும் வரை காத்திருந்தால் படகு கிளம்பிப் போய்விடும்.

ஷைலா இப்போது அந்தக் குழுவின் மேலாளர். ஓய்வு பெற்றவனை ஆபீஸ் மறந்துவிடும், அவள் மறக்கவில்லை. முக்கியமாக ஏதாவது எழுதினால் வீட்டுக்கு அனுப்பி, "நேரம் கிடைக்கும்போது பாருங்க அண்ணே" என்பாள். போன வாரமும் ஒன்று வந்தது. காலையில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தேன். இருக்கிற மதிப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். அடுக்கை மாற்றிப் பார்த்தேன். ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. தப்பு எதுவும் இல்லை, அப்படியே ஓட விடலாம் என்று பதில் எழுதி அனுப்பினேன்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.